கவலை மீன்

அத்தியாயம் 11

ரசத்துக்கு உப்புப் போட ஜாடிக்குள் கைவிட்டாள் சங்கவி. விரல் நுனியில் அகப்பட்டது உப்பு இல்லை.

உப்பைப் போலத்தான் வெள்ளை. ஆனால் வட்டம். நடுவில் ஒரு கோடு. கையை இன்னும் ஆழமாக விட்டாள். இன்னொன்று. அதற்கு அடியில் மூன்று. அடுப்பை அணைத்துவிட்டு ஜாடியை முறத்தில் கவிழ்த்தாள்.

கல் உப்புக்கு நடுவே மாத்திரைகள். மேலே கிடந்தவை புதுசு. அடியில் கிடந்தவை உப்பின் ஈரத்தில் ஊறி, ஓரம் கரைந்து, விழுந்த பற்களைப் போலச் சிறுத்திருந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். நாற்பத்தொன்று.

திண்டிவனம் செஞ்சி ரோட்டு மருந்துக் கடை ஒன்றில் ஆறு வருடமாக வேலை பார்ப்பவள் அவள். அட்டையைப் பார்க்காமலே மாத்திரையின் பெயரைச் சொல்லிவிடுவாள். இது விழுப்புரம் டாக்டர் தேவயானி, சங்கவியின் அம்மா ஜெயம்மாளுக்கு எழுதிக் கொடுத்தது. தினமும் சாயங்காலம் சங்கவியே தன் கையால் கொடுத்தது. ஜெயம்மாள் வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, சின்னப் பிள்ளை மாதிரி 'ஆ' காட்டுவாள். நாற்பத்தொரு நாளும் காட்டினாள்.

அப்படியென்றால் இத்தனை நாளாக அம்மாவைத் தேற்றியது எது?

அப்பா சேட்டு கடலில் காணாமல் போய்ப் பத்து மாதம் ஆகிறது. போன ஐப்பசியில், காற்று சரியில்லை என்று மரக்காணம் குப்பத்தில் யாருமே தொழிலுக்குப் போகாத ஒரு நாளில், முதல் நாள் விட்ட வலையை எடுத்து வருகிறேன் என்று தனியாகப் போனவர். நான்காம் நாள் கோட்டக்குப்பத்துப் பக்கம் படகு மட்டும் கவிழ்ந்து கரை ஒதுங்கியது. ஆள் கிடைக்கவில்லை. உடம்பைப் பார்க்காமல் தாலியைக் கழற்ற மாட்டேன் என்றுவிட்டாள் ஜெயம்மாள். ஊர் பஞ்சாயத்து வந்து சொல்லியும் கேட்கவில்லை.

முப்பது வருடம் மீன் கூடை சுமந்தவள், அன்றோடு மீனைத் தொடுவதை விட்டாள். "கடல்ல இருக்கிற மீனு எத எதத் தின்னுதோ, யாருக்குத் தெரியும்?" என்று ஒரு வார்த்தை சொன்னாள். அதுதான் கடைசிப் பேச்சு. அப்புறம் மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவளை சங்கவி, தானும் தம்பி இளவழகனும் இருந்த திண்டிவனம் வீட்டுக்குத் தூக்கி வந்தாள். தை மாதம் வைத்தியம் தொடங்கியது.

வைகாசியில்தான் டாக்டர் தேவயானி மீன் எண்ணெய் அடைத்த ஒரு மஞ்சள் மாத்திரையையும் சேர்த்தார்.

"பிறந்ததிலேருந்து மீன்லயே வளர்ந்த உடம்பு. இப்ப சுத்தமா நிறுத்திட்டாங்க" என்றார். "கவலை, மத்தி, காணாங்கெளுத்தி மாதிரி மீன்ல ஒரு வகைக் கொழுப்பு அமிலம் இருக்குங்க. ஒமேகா-3ன்னு சொல்லுவோம். மூளைக்கு வேணும். மனச்சோர்வுல சில பேருக்கு மருந்தோட சேர்த்துக் கொடுத்தா கொஞ்சம் கை கொடுக்குது. சில பேருக்கு ஒண்ணுமே தெரியறதில்லை. கொடுத்துப் பார்ப்போம். ஆனா சங்கவி, இது துணைக்குத்தான். வெள்ளை மாத்திரைதான் மருந்து. அதை ஒரு நாளும் விட்டுடக் கூடாது."

சங்கவியின் மனசில் தங்கியது முதல் பாதி மட்டும். கவலைக்குக் கவலை மீனே மருந்தா என்று பஸ்ஸில் திரும்பும்போது தனக்குள் சிரித்துக்கொண்டாள். டப்பாவின் மேல் துள்ளும் மீன் படம் போட்டிருந்தது. அம்மா பார்த்தால் தொடமாட்டாள். ஒரு காலி கால்சியம் டப்பாவில் மாற்றிப் போட்டு, "சத்து மாத்திரைம்மா" என்று கொடுத்துவிட்டாள்.

ஆடி பிறந்ததும் அம்மா எழுந்தாள். தலை வாரினாள். கேப்பைக் களி கிண்டினாள், சமையலைத் தன் கைக்கே எடுத்துக்கொண்டாள். பாத்திரம் கழுவும்போது தனக்குத்தானே சிரித்தாள். மருந்துக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மீன் எண்ணெயின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தாள் சங்கவி.

இன்று துணி துவைக்கணும் என்று சமையலைச் சங்கவியிடம் விட்ட அம்மா, காலையில்கூட உற்சாகமாகத்தான் இருந்தாள். "மஞ்ச மாத்திரை இன்னொண்ணு குடேன்" என்று கேட்டாள்.

"ஒரு நாளைக்கி ரெண்டுதான்மா. டாக்டரு சொல்லிக்கிறாங்க."

"ரெண்டு போட்டா ரெண்டு வார்த்தைதான் வருது. அதுக்குள்ள போயிடறாரு."

அடுப்பில் பருப்பு பொங்கிக்கொண்டிருந்த அவசரத்தில் சங்கவி அதைக் காதில் வாங்கவில்லை. இப்போது, முறத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, அந்த வார்த்தை திரும்ப வந்து முதுகுத்தண்டில் ஊர்ந்தது.

போயிடறாரு. யார்?

"ம்மா!"

பின்பக்கம் குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. வாளி நிரம்பி வழிந்தது. துவைக்க எடுத்த புடவை பாதி நனைந்து கல்லின் மேல் கிடந்தது. அம்மா இல்லை. அலமாரியில் கால்சியம் டப்பாவும் இல்லை.

தெருவுக்கு ஓடினாள். எதிர் வீட்டு ஆரோக்கியசெல்வி வாசலில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்கம்மாவா? இப்பதான் மரக்காணம் பஸ்ல ஏறுச்சு. எங்க போறக்கான்னேன். வீட்டுக்காரரு கூப்பிட்டாருன்னு சொல்லிச்சு." அவள் உரிப்பதை நிறுத்தினாள். "உங்கப்பா கெடைச்சிட்டாரா சங்கவி?"

பத்து மாதமாக ஜெயம்மாள் தெருமுனைக்குக்கூடத் தனியாகப் போனதில்லை.

இளவழகன் பார்சல் ஆபீசிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்து சேருவதற்குள் சங்கவி டாக்டருக்குப் போன் போட்டுவிட்டாள். உப்பு ஜாடியைப் பற்றிச் சொன்னாள். அந்த 'ரெண்டு வார்த்தை'யைப் பற்றியும் சொன்னாள். டாக்டர் நிதானமாகச் சொன்னார்.

"நல்லாக் கேளுங்க. அந்த எண்ணெய்ல குரல் எதுவும் இல்லை. மருந்து நின்னதால நோய் முத்தியிருக்கு, நோய்தான் பேசுது. மீன் எண்ணெய் தனியா நின்னு அதைத் தாங்காது. முதல்ல ஆளைக் கண்டுபிடிங்க. கண்டதும் அப்பா செத்துட்டாரு, உனக்குப் பிரமைன்னு சண்டை போடாதீங்க. ஆமாம்னும் சொல்லாதீங்க. என்ன கேக்குதுன்னு மட்டும் கேளுங்க. தண்ணியில இறங்கச் சொல்லுதான்னு கேளுங்க, அது ரொம்ப முக்கியம். தனியா மட்டும் விட்டுடாதீங்க. நான் இன்னிக்கு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில டூட்டி. நேரா அங்க கூட்டிட்டு வந்துடுங்க."

இளவழகன் வந்ததும், "மரக்காணம்டா, ஜல்தியா போ" என்றாள்.

அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. "குப்பத்துக்கா?"

"வேற எங்க?"

இருபத்திரண்டு வயது. அப்பா காணாமல் போன அன்றைக்கு அவன் மெட்ராஸில் ஒரு வேலைக்கு இன்டர்வியூ என்று போயிருந்தான். சேதி கேட்டு வந்தவன் ஒரு வாரம் இருந்தான். அதற்கப்புறம் குப்பத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. துக்கம் தாங்காமல் இருக்கிறான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

பிரம்மதேசம் தாண்டினார்கள். வெயில் ஏறிக்கொண்டே போனது. மரக்காணம் நெருங்க நெருங்க, காற்றில் உப்பின் கரிப்பு வந்தது. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உப்பளம். ஞாயிற்றுக்கிழமை என்பதாலோ என்னவோ, ஆள் நடமாட்டமே இல்லை. வாரிக் குவித்த உப்பு, வெள்ளைத் துணி போர்த்திப் படுக்க வைத்தவர்களைப் போல வரப்பு நெடுக வரிசையாகக் கிடந்தது. உச்சி வேளை. நிழலே இல்லாத வெளிச்சம். பார்க்கப் பார்க்கக் கண் இருட்டியது.

இளவழகன் வண்டியை ஓரம் கட்டினான்.

"நீ ஷேர் ஆட்டோ புடிச்சுப் போக்கா. நா இங்கியே நிக்கிறேன்."

"இன்னாடா பேசற? அம்மாவக் காணோம்!"

"என்னால அந்தக் கடலப் பாக்க முடியாது."

"என்னால மட்டும் முடியுமா?"

அவன் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தான். வண்டியைக் கிளப்பினான்.

குப்பத்து முனையிலேயே சின்னபொண்ணு ஓடி வந்தாள். ஜெயம்மாளோடு சேர்ந்து கூடை தூக்கியவள்.

"எங்கடி இருந்தீங்க ரெண்டு பேரும்? உங்கம்மா வந்து அரை மணி நேரமாவுது. நல்லாக்கீறியாக்கான்னேன். நல்லாக்கீறேன், அவரப் பாக்க வந்தேன்னுது. எனக்கு மேலெல்லாம் சிலுத்துப் போச்சு. போய்ப் பாரு. கவலை காயற எடத்துல குந்திக்கினு, அது பண்ற காரியத்தப் பாரு."

"யாரும் கூட இல்லியா?"

"கிட்டப் போவவே பயந்துக்கினு பொம்பளைங்க எல்லாம் எழுந்து வந்துட்டாங்க."

இளவழகன் புங்கமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றுகொண்டான். சங்கவி மட்டும் மணலில் இறங்கினாள்.

நல்ல மீன்பாடு போல. பழைய வலைகளை விரித்து, கரை நெடுக கவலை மீனைக் காயப் போட்டிருந்தார்கள். ஆயிரம், பத்தாயிரம். வெள்ளி வெள்ளியாக, ஒன்றின் மேல் ஒன்று படாமல், எல்லாம் ஒரே திசையில் தலைவைத்து. இமையில்லாத அத்தனை கண்களும் மேலே பார்த்துக்கொண்டிருந்தன. இத்தனை மீன் கிடந்தும் ஒரு காக்காய்கூட இறங்கியிருக்கவில்லை.

அதற்கு நடுவில் அம்மா.

நெற்றியில் பெரிய பொட்டு. தலையில் பூ. மடியில் புடவையை ஒதுக்கிக்கொண்டு நிதானமாக உட்கார்ந்திருந்தாள். ஒரு மீனை எடுத்தாள். காதோடு வைத்தாள். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். உதட்டைப் பிதுக்கிவிட்டு அதை வலது பக்கம் வைத்தாள். அடுத்த மீனை எடுத்தாள். வலது பக்கம் ஒரு கூடை அளவுக்குக் குவிந்திருந்தது.

சங்கவி நின்றுவிட்டாள். கத்த வேண்டும் போல இருந்தது. டாக்டர் சொன்னதை ஒரு முறை மனசுக்குள் சொல்லிக்கொண்டு, மீன்களை மிதிக்காமல் நடந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னாம்மா பண்ற?"

"வந்துட்டியா?" ஜெயம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எதுக்குள்ள இருக்காருன்னு தெரியாதுல்ல. ஒண்ணொண்ணாக் கேட்டாத்தான் ஆவும்."

அவள் பேசும்போது வந்த மூச்சில் மீன் வாடை குப்பென்று அடித்தது. மடியில் கால்சியம் டப்பா கிடந்தது. சங்கவி எடுத்துக் குலுக்கினாள். சத்தமில்லை. நேற்று முப்பது மாத்திரை இருந்த டப்பா.

"எல்லாத்தையும் போட்டுட்டியாம்மா?"

"இன்னிக்கி முழுசாப் பேசணும்னாரு. அதான்."

"அது இன்னா மாத்திரைன்னு உனக்கு..."

இப்போதுதான் அம்மா திரும்பினாள். கண் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவுதான் சங்கவியை உலுக்கியது.

"முப்பது வருசம் கவலை வித்தவடி நான். கவலை நெய் வாசனை எனக்குத் தெரியாதா? நீ குடுத்த மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சுமா சாப்ட்ட?"

"வேற இன்னா பண்றது? எல்லாரும் அவங்கவங்க வீட்டு ஆம்பளைய மண்ணுல அடக்கம் பண்றாங்க. எனக்கு அதுக்கும் குடுப்பினை இல்ல. எந்த மீனு அவரத் தின்னுச்சோ, அந்த மீனு இதுல ஒரு சொட்டாவது இருக்கும்ல?" ஜெயம்மாள் தன் வயிற்றைத் தடவிக்கொடுத்தாள். "இங்க வந்தாவது அடங்கட்டும்னுதான் சாப்ட்டேன்."

சங்கவி காலி டப்பாவை மூடிக் கீழே வைத்தாள். நாற்பது நாளாக அம்மா தேறி வருகிறாள் என்று நினைத்தாளே, அது தேறுதல் இல்லை. பேச்சுத் துணை.

"வெள்ள மாத்திரைய ஏம்மா போடல?"

"அதப் போட்டா அவரு பேச்சு தூரமாப் போயிடுது. கெணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி."

"அப்பா இன்னா சொல்றாரு?"

"உனக்கும் கேக்குதா?" ஜெயம்மாளின் முகம் பூவாக மலர்ந்தது.

"எனக்குக் கேக்கலம்மா. நீ சொல்லு."

"மொதல்ல குளிருது குளிருதுன்னாரு. பத்து நாளு அதேதான். அப்பறம் உங்க கதையெல்லாம் கேட்டாரு. நீ கண்ணாலம் வேணாங்கிறத சொன்னேன். திட்னாரு."

சங்கவி கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள். "உன்ன தண்ணியில எறங்கச் சொல்றாரா?"

"என்னயா? நா எதுக்கு எறங்கணும்? அவருதான் என்கிட்ட வந்துட்டாரே." அம்மா லேசாகச் சிரித்தாள். கையிலிருந்த மீனைக் காதோடு வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். சிரிப்பு அணைந்தது. "இன்னிக்கி பஸ்ல வரும்போதுதான் சொன்னாரு. போட்டுல ரெண்டு பேரு இருந்தோம்னாரு."

"ரெண்டு பேரா? அப்பா தனியாத்தான போனாரு?"

"ஊரு அப்பிடித்தான் சொல்லுது. நானும் அழகும்னாரு அவரு."

வீட்டில் இளவழகனை எல்லோரும் அழகு என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அழகு அன்னிக்கி மெட்ராஸ்ல இருந்தாம்மா."

ஜெயம்மாள் தலை நிமிர்ந்தாள். அவள் பார்வை சங்கவியின் தோளுக்கு மேலே போய் நின்றது. மீன்களின் மேல் ஒரு குட்டை நிழல் விழுந்தது.

இளவழகன். எப்போது மரத்தடியை விட்டு வந்தான், எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. முகத்தில் சொட்டு ரத்தமில்லை. கடலைப் பார்க்கக் கூடாது என்பது போலத் தலையைக் குனிந்திருந்தான்.

"அக்கா" என்றான். "அம்மாகிட்ட இத யாரு சொன்னது?"

பொய் என்று அவன் சொல்லவில்லை. பைத்தியம் உளறுகிறது என்றும் சொல்லவில்லை. யார் சொன்னது என்று கேட்டான்.

சங்கவி எழுந்தாள். தம்பியின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று கை பரபரத்தது. ஆனால் இப்போது அதற்கு நேரமில்லை. முப்பது மாத்திரையும், நாற்பத்தொரு நாள் மருந்தில்லாத உடம்புமாக அம்மா வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள்.

"ம்மா, டாக்டரம்மா உன்னப் பாக்கணும்னு சொல்றாங்க. போலாமா?"

மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். ஜெயம்மாள் உடனே எழுந்துவிட்டாள். புடவையில் ஒட்டிய செதிலைத் தட்டிவிட்டாள்.

"ஆஸ்பத்திரிதான? வா. பேச வேண்டியதப் பேசிட்டாரு. இனிமே ஊசி போட்டாலும் சரி, மாத்திர குடுத்தாலும் சரி."

சின்னபொண்ணு கூப்பிட்டனுப்பி, குப்பத்து ஆட்டோக்காரன் துரைக்கண்ணு வண்டியோடு வந்து நின்றான். திண்டிவனம் வழியாக முண்டியம்பாக்கம் போக இரண்டு மணி நேரமாவது ஆகும். அம்மாவை உள்ளே ஏற்றி உட்கார வைத்து, தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்தாள் சங்கவி. முப்பது மாத்திரை விஷயத்தைப் போனில் சொல்லி, வழியில் வாந்தி வந்தால் என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டாள். பயப்பட வேண்டாம், வயிறு கொஞ்சம் கலக்கும், கிளம்பி வாருங்கள் என்றார் அவர்.

அவள் ஏறப் போகும்போது இளவழகன் முழங்கையைப் பிடித்தான்.

"நா வண்டியில பின்னாலயே வர்றேன். ஆஸ்பத்திரியில அம்மாகூட நீயே இரு. என்னைய அம்மாகூட தனியா மட்டும் விட்டுடாத."

"எதுக்குடா?"

அவன் வண்டியை நோக்கி நடந்தான். நடை என்று சொல்ல முடியாது, ஓட்டம்.

ஆட்டோ கிளம்பியது. மறுபடி உப்பளம். மறுபடி அந்த வெள்ளை வரிசை. ஜெயம்மாள் மகளின் தோளில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாள் என்றுதான் சங்கவி நினைத்தாள்.

"தம்பி உங்கிட்ட இன்னா சொன்னான்?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள் அம்மா.

"ஒண்ணும் இல்லம்மா."

ஜெயம்மாள் கண்ணைத் திறந்தாள்.

"அவரு போன அன்னிக்கி காலையில பத்து மணி இருக்கும். சொட்டச் சொட்ட நனஞ்சிக்கினு வாசல்ல வந்து நின்னான். அப்பா எங்கடான்னு கேட்டேன்" என்றாள் ஜெயம்மாள். "அவனும் இதத்தான் சொன்னான். ஒண்ணும் இல்லம்மா."